எரிந்த வண்டிக்கு என்ன விலை?

செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்தை நோக்கிப் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வயல்வெளியை விட்டு மலையைத் தொடும் இடம் புளியறை. ஆரியங்காவுக் கணவாய்க்குத் தமிழ்நாட்டுப் பக்கத்து வாசல் இதுதான். இங்கே சாலை ‘எஸ்’ எழுத்தாக வளைந்து வளைந்து ஏறுகிறது. காய்கறி, வைக்கோல், சிமென்ட், எம்-சாண்ட் என்று பாரம் ஏற்றிய லாரிகள் முதல் கியரில் முக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் இறங்கி வரும் லாரிகளின் பிரேக் லைனிங் கருகும் வாடை, சாரல் காலத்து ஈரக் காற்றிலும் மூக்கில் ஏறும். அந்த வாடைக்குக் கணக்கு உண்டு. 30 டன் லாரி ஒன்று 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 29 மெகாஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் வரும் வெப்பம் அது. எஞ்சின் பிரேக்கைப் பயன்படுத்தாத ஓட்டுநர் அவ்வளவையும் பிரேக் டிரம்மில் கொட்டுகிறார். இந்த லாரி வரிசையின் நடுவே பல கோடி ரூபாய் விலையுள்ள ஒரு ஃபெராரியையோ லம்போர்கினியையோ நிறுத்திப் பார்ப்போம். நடக்காத காரியமில்லை, இரு மாநிலங்களுக்கு நடுவே இருப்பதால் இந்தச் சாலையில் எல்லா வகை வண்டியும் வரும். அந்தக் கார் இந்த ஏற்றத்தில் எரிந்துபோக வாய்ப்பு உண்டா? எரிந்தால், அல்லது அதே வகைக் கார் வேறு எங்கோ எரிந்தது என்ற செய்தி வந்தால், அதை விற்கும்போது என்ன விலை கிடைக்கும்? இரண்டும் வெவ்வேறு கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும், ஒன்றுக்குப் பதில் தெரியாமல் மற்றதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஏற்றத்தைப் பார்ப்போம். கார் 1,600 கிலோ. சாலை 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னே லாரி இருப்பதால் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான். ஈர்ப்புவிசையையும் டயரின் உருள் தடையையும் சேர்த்துப் பெருக்கினால், அந்தக் காருக்கு இந்த இடத்தில் தேவைப்படும் திறன் சுமார் 8 குதிரைத்திறன். ஒரு 100 சிசி பைக்கின் எஞ்சினுக்குச் சமம்! 600 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் அங்கே தூங்கிக்கொண்டு ஏறுகிறது. மலை ஏறினால் எஞ்சின் கொதிக்கும், கொதித்தால் தீப்பிடிக்கும் என்ற பொது நம்பிக்கை பழைய அம்பாசிடர் காலத்து ரேடியேட்டரில் பிறந்தது. விளையாட்டுக் கார்களுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் இதே கணக்குக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பெரிய எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே எரிபொருள் குடிக்கும். மணிக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் 18 கிலோவாட் வெப்பம் ஆகிறது. நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கெய்சர் ஒன்பதை, இரண்டு பேர் உட்காரும் ஒரு காரின் முதுகுப்புறப் பெட்டிக்குள் வைத்து மூடியது போல. ஓடும்போது பக்கவாட்டுத் துவாரங்கள் வழியே புயலாக நுழையும் காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போகும். லாரிக்குப் பின்னால் நிற்கும்போது அந்தக் காற்று இல்லை, மின்விசிறி மட்டும்தான். எஞ்சினை அணைத்த பிறகு நிலைமை இன்னும் வேடிக்கையானது: குளிர்நீர் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் சைலன்சர் குழாயும் வினையூக்கி மாற்றியும் தங்களிடம் தேங்கிய சூட்டைச் சுற்றியுள்ள ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும். வண்டி நின்று சில நிமிடங்களுக்குப் பிறகுதான் சில பாகங்கள் உச்ச சூட்டை அடைகின்றன. ‘நிறுத்தி வைத்திருந்த காரில் திடீர் தீ’ என்று வரும் செய்திகளில் பலவற்றில் அந்தத் ‘திடீர்’ அவ்வளவு திடீர் இல்லை.

ஆனால் சூடு மட்டும் தீ ஆகாது. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் 7.6 சதவீதத்துக்கு மிஞ்சினாலும் பற்றாது. ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் 250 முதல் 280 டிகிரியில் தானே பற்றிக்கொள்ளும் என்று பாடநூல்கள் சொல்லும். ஓடும் எஞ்சினின் புகைக்குழாய் அதைவிட மிகவும் சூடு. டர்போ உள்ள கார்களில் செக்கச் சிவந்தே நிற்கும். அப்படியானால் ஒரு சொட்டு கசிந்தாலே எரிய வேண்டாமா? பெரும்பாலும் எரிவதில்லை. திறந்த உலோகப் பரப்பில் விழும் சொட்டு உடனே ஆவியாகி மேலே எழுந்து காற்றோடு போய்விடுகிறது. பற்றிக்கொள்ளும் அளவுக்கு அங்கே தங்குவதில்லை. அதனால் திறந்த பரப்பில் பெட்ரோலைப் பற்றவைக்கக் குடுவைக் கணக்கைவிடச் சில நூறு டிகிரி கூடுதலாக வேண்டும். மாறாக, எஞ்சின் ஆயிலும் ஹைட்ராலிக் எண்ணெயும் அவ்வளவு சீக்கிரம் ஆவியாவதில்லை; சூடான குழாயில் ஒட்டிக்கொண்டு புகைந்து பற்றிவிடுகின்றன. சாதாரண குடும்பக் காரில் புகைக்குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் நடுவே கை நுழையும் இடம் உண்டு, காற்று ஓடும். எஞ்சினை நடுவில் வைத்து, உயரத்தைத் தாழ்த்தி, அடிப்பகுதியை வழவழப்பாக மூடிய விளையாட்டுக் காரில் அந்த இடமும் இல்லை, காற்றும் இல்லை. கசிவு தங்குகிறது, ஆவி தேங்குகிறது. எரியத் தொடங்கினால் கார்பன் ஃபைபரைப் பிணைத்திருக்கும் எப்பாக்சி பிசின் தானே விறகாகிறது. 660 டிகிரியில் அலுமினியம் உருகிச் சாலையில் ஓடுகிறது. தீயணைப்பு வண்டி வரும்போது நாலு டயரின் கம்பி வளையங்களும் ஒரு எஞ்சின் கட்டையும் மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். அதிவேகத்தில் மோதி எரியும் கார்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2017 மார்ச்சில் சென்னை சாந்தோம் பகுதியில் பந்தய வீரர் அஸ்வின் சுந்தரும் அவர் மனைவியும் போன பி.எம்.டபிள்யூ கார், மரத்தில் மோதித் தீப்பிடித்ததில் இருவரும் மாண்டார்கள். அது மோதலின் கதை. இங்கே பேசுவது, மோதாமலே எரியும் கார்கள்.

மோதாமல் எரிந்த கார்களில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது 2010-இல் வந்த ஃபெராரி 458 இத்தாலியா. 4.5 லிட்டர், எட்டு சிலிண்டர், 570 குதிரைத்திறன். விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே வெவ்வேறு நாடுகளில் அடுத்தடுத்து எரிந்தது. படங்கள் பரவின, கேலிகள் பரவின. தேடிப் பார்த்ததில் குற்றவாளி எஞ்சினும் இல்லை, எரிபொருள் குழாயும் இல்லை, ஒரு பசை. பின்சக்கர வளைவுக்கு உள்ளே, புகைக்குழாயின் சூடு உடம்பில் படாமலிருக்க ஒரு வெப்பத் தடுப்புத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. அதை ஒட்டியது திருகாணியால் இல்லை, பசையால். கடும் வெயிலில் கடுமையாக ஓட்டும்போது தகடு சூட்டில் நெளிந்தது. நெளிந்த தகடு பசையைப் புகைக்குழாயின் பக்கம் கொண்டுபோனது. பசை புகைந்து பற்றியது. சூட்டைத் தடுக்க வைத்த பொருளே சுள்ளியானது. 2010 செப்டம்பரில் ஃபெராரி, அந்த ஜூலைக்கு முன்பு செய்த 1,248 கார்களைத் திரும்ப அழைத்துப் பசையை எடுத்துவிட்டு உலோக ஆணிகளால் தகட்டைப் பிணைத்தது. இந்தக் காரணத்தால் எரிந்த காருக்குப் பதில் புதுக் கார் தருவதாகவும் சொன்னது. பசை இருந்த இடத்தில் ஆணி வந்த பிறகு அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. இன்று பழைய ஃபெராரி தேடுபவர்களிடம் 458 பற்றிப் பேசினால் தீயை யாரும் முதலில் எடுப்பதில்லை. டர்போ இல்லாத கடைசி நடு-எஞ்சின் எட்டு சிலிண்டர் ஃபெராரி என்பதைத்தான் எடுப்பார்கள்.

போர்ஷே 911 ஜிடி3-யின் கதை இன்னும் துல்லியம். 2014 தொடக்கத்தில் ஐரோப்பாவில் இரண்டு கார்கள் எரிந்தன. அதுவரை விற்றிருந்த 785 கார்களையும் ஓட்ட வேண்டாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. தளர்ந்த தண்டு எஞ்சின் சுவரை உடைத்தது, கொட்டிய ஆயில் சூடான குழாயில் பட்டு எரிந்தது. திருகாணியை மட்டும் மாற்றியிருக்கலாம். 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றினார்கள். பின்னாளில் அதே எஞ்சினில் வேறொரு தேய்மானக் கோளாறு பேசப்பட்டபோது, எஞ்சினுக்கு 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் வரை உத்தரவாதத்தை நீட்டினார்கள். மூன்றாவது, லம்போர்கினி அவென்டடார். 2011 முதல் 2016 வரை செய்த சுமார் 5,900 கார்களை 2017-இல் திரும்ப அழைத்தார்கள். டாங்க்கை விளிம்புவரை நிரப்பினால், ஆவியைப் பிடித்து வைக்கவேண்டிய கரி டப்பாவின் பக்கம் திரவப் பெட்ரோலே போய்விடும். அந்த நிலையில் வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை உறுமவிட்டால், அதிலும் வெளிக்கடையில் வாங்கிய சைலன்சர் மாட்டியிருந்தால், தீ. இது நமக்கு அந்நியமான பழக்கமா? நம் பெட்ரோல் பங்க்குகளில் நாசில் ‘டக்’கென்று தானே நின்ற பிறகும், ‘ரவுண்டு பண்ணிரட்டுமா?’ என்று கேட்டு இன்னும் இரண்டு அமுக்கு அமுக்குவது அன்றாட வழக்கம். நின்ற இடத்தில் உறுமவிட்டுக் கூட்டம் சேர்ப்பது இந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்கு அன்றாட வழக்கம். புளியறை ஏற்றத்தில் 8 குதிரைத்திறனில் ஊர்ந்து போகும்போது வராத ஆபத்து, மேலே போய் நிறுத்திவிட்டு நாலு பேருக்குச் சத்தம் காட்டும்போது வரக்கூடும்.

இனி விலை. ஒரு வகைக் கார் எரிந்ததாகச் செய்தி வந்தால் அதன் மறுவிற்பனை விலை சரியும் என்பது கேட்டவுடன் சரியாகத் தோன்றும் கருத்து. மேலே சொன்ன மூன்று கார்களும் அதற்கு எதிர்ச்சாட்சி. மூன்றுமே இன்றும் தேடி வாங்கப்படுகின்றன. என் வாதம் இதுதான்: பழைய கார்ச் சந்தை தீயை விலையில் கழிப்பதில்லை, காரணம் தெரியாத தீயைத்தான் கழிக்கிறது. பசை என்று தெரிந்தால் பசையை எடுத்துவிட்ட காருக்கு முழு விலை. திருகாணி என்று தெரிந்தால் புது எஞ்சின் வைத்த காருக்கு முழு விலை, சில வேளை அதற்கு மேலும். ஏன் எரிந்தது என்று யாருக்கும் தெரியாவிட்டால் எரியாத காரும் எரியக்கூடிய காராகத்தான் பார்க்கப்படும். விலை என்பது பொருளுக்கு மட்டும் கொடுப்பதில்லை; வாங்குபவரின் மனத்தில் இருக்கும் ஐயத்துக்கு ஒரு தள்ளுபடியும் அதில் அடங்கியிருக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசிய காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. பல்லைப் பார்த்து வயதைக் கண்டுபிடிக்க முடிந்த மாட்டுக்கு வயதுக்கேற்ற விலை. சுழி சரியில்லை என்று யாரோ முணுமுணுத்த மாட்டுக்கு எந்த விலையும் இல்லை.

உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். ஃபெராரியும் போர்ஷேயும் அரிய பொருள்கள், வாங்குபவர்கள் பணக்காரர்கள், அவர்களுக்கு ஒரு தீச்செய்தி பெரிதில்லை, அதனால்தான் விலை நின்றது, காரணம் தெரிந்ததால் இல்லை என்று சொல்லலாம். இதைச் சோதிக்க, அதே 2010-இல் நம் நாட்டில் எரிந்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம். உலகத்தின் விலையுயர்ந்த கார்களில் ஒன்று எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டில், உலகத்தின் மிக மலிவான காரும் எரிந்தது. டாட்டா நானோ. 624 சிசி, இரண்டு சிலிண்டர், எஞ்சின் பின்னால் — அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஃபெராரிக்குத் தூரத்து உறவு. 2010 மார்ச்சில் மும்பையில் ஷோரூமிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு புது நானோ எரிந்தது. அதன் பிறகு வேறு சிலவும். நிறுவனம் ஆராய்ந்துவிட்டு, வடிவமைப்பில் குறையில்லை என்றது. வெளியிலிருந்து சேர்த்த மின்சாதனம், புகைக்குழாயில் பட்ட அந்நியப் பொருள் என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு தனிக்காரணம் சொன்னது. பிறகு, திரும்ப அழைக்கிறோம் என்று சொல்லாமல், புகைக்குழாய்க்கும் மின்சுற்றுக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தருகிறோம் என்றது. குறையே இல்லையென்றால் எதற்குப் பாதுகாப்பு? பாதுகாப்பு தேவையென்றால் குறை எது? ஒரு வரியில் சொல்லக்கூடிய காரணம் மக்களுக்குக் கிடைக்கவில்லை. 2010 ஜூலையில் 9,000 விற்ற நானோ அதே ஆண்டு நவம்பரில் 509 விற்றது. 2018 ஜூனில் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நானோ ஒன்றே ஒன்று.

நானோ வீழ்ந்ததற்குத் தீ மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லவேண்டும். ‘ஏழைகளின் கார்’ என்ற பெயரே அதற்கு எதிரியாயிற்று, விலை ஏறியது, கடன் கிடைப்பது எளிதாக இல்லை. ஆகவே ஃபெராரியையும் நானோவையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்பு எழுதினால் அது அறிவியல் ஆகாது. இடைப்பட்ட ஒரு சாட்சி வேண்டும்: அரிதும் இல்லாத, பணக்காரருக்கானதும் இல்லாத, ஆனால் காரணம் தெளிவாகத் தெரிந்த ஒரு கார். அமெரிக்காவில் செவ்ரலே போல்ட் என்ற மின்சாரக் கார் அப்படிப்பட்டது. நடுத்தரக் குடும்பங்களின் கார். பேட்டரி தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, ஒரே செல்லில் இரண்டு உற்பத்திக் குறைகள் சேர்ந்து அமைந்துவிடுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2021-இல் அதுவரை செய்த எல்லாப் போல்ட் கார்களையும், 1,40,000-க்கும் மேல், திரும்ப அழைக்க முடிவெடுத்தார்கள். பேட்டரி மாற்றப்பட்ட பழைய போல்ட், புது பேட்டரியும் புது உத்தரவாதமும் உள்ள பழைய கார் என்று ஒரு தனி மதிப்பைப் பெற்றது. இங்கே அரிதான தன்மையும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. காரணம் தெரிந்தது, கழற்றி எறியப்பட்டது, அவ்வளவுதான். நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறானது வேலூர். 2022 மார்ச்சில் இரவு வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டரில் எழுந்த புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டுக் கோடையில் பல நிறுவனங்களின் ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஒவ்வொரு சம்பவத்துக்கும் வெவ்வேறு விளக்கம் வந்தது. மத்திய அரசு பேட்டரிச் சோதனை விதிகளை இறுக்கியது. அந்த விதிகளுக்கு முந்திய ஸ்கூட்டரை இன்று விற்கப் போகிறவர், அது நேற்றுவரை எரியவில்லை என்பதை மட்டும் சொல்லி விலை பேச முடியாது.

இன்னொரு சாட்சி, கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுவது. 2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஆர்.எம். சாதபீஸ் நிறுவனம் ஒரு ஃபெராரியை ஏலம் விட்டது. 1954-இல் செய்த 500 மோன்டியால். பந்தயத்தில் ஓடி, 1960-களில் மோதி எரிந்து, அப்படியே பல பத்தாண்டுகள் கிடந்தது. படத்தைப் பார்த்தால் கார் என்று சொல்ல மாட்டீர்கள். குப்பை லாரி ஏறி இறங்கிய தகரம் என்பீர்கள். முகம் நசுங்கி, சக்கரம் இல்லாமல், துருவேறிய தகட்டில் ஆங்காங்கே ஓட்டை. ஏலத்தில் போன விலை 18,75,000 டாலர். காரைப் பார்த்து இந்த விலையைக் கொடுக்க முடியாது, தாளைப் பார்த்துத்தான் கொடுக்க முடியும். எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார்கள், சட்டகத்தில் பொறித்த எண் எது, எங்கே எரிந்தது, பிறகு யாரிடம் இருந்தது என்று இடைவெளி இல்லாத ஒரு வரலாறு அந்தத் தகரத்தோடு சேர்ந்து வந்தது. நம் ஊரில் இடிந்த வீட்டுக்கு அதன் செங்கல் விலையா பேசுகிறோம்? மூலப்பத்திரம் சரியாக இருந்தால் மனைக்கு உரிய விலை உண்டு. வில்லங்கம் இருந்தால் மாளிகையும் விலை போகாது. சேகரிப்பாளர்களின் கிறுக்குத்தனம் இது, சாதாரணச் சந்தைக்குப் பொருந்தாது என்று ஒதுக்கலாம். ஆனால் கிறுக்குத்தனம் கூட ஏன் இந்தப் பக்கமாகவே சாய்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வரலாறு மறைக்கப்பட்டு, வெளியே மட்டும் பளபளவென்று வண்ணம் பூசிய அதே வகைக் காருக்கு யாரும் இப்படிக் கையைத் தூக்குவதில்லை.

இந்தியாவுக்கு வந்தால் இந்தக் கணக்கில் இரண்டு சிக்கல்கள் கூடுகின்றன. முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் இத்தகைய கார்களுக்குச் சுங்க வரி மட்டுமே காரின் விலைக்குச் சமமாக வருவது நெடுங்கால வழக்கம். அதன் மேல் மற்ற வரிகள், மாநிலச் சாலை வரி. முதலில் வாங்கியவர் கட்டிய வரியை இரண்டாவது ஆள் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஆகவே நம் நாட்டில் இந்தக் கார்களின் விலை முதல் சில ஆண்டுகளில் இறங்குவது தீயாலும் இல்லை, ஓட்டத்தாலும் இல்லை, பெரும்பகுதி வரியால். அடுத்தது காப்பீடு. காப்பீட்டு ஒழுங்கு முறைப்படி காரின் அறிவிக்கப்பட்ட மதிப்பு முதல் ஆண்டு முடிவதற்குள் 15 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் கழிக்கப்படுகிறது. பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த இழப்பு என்று எழுதிவிடுவார்கள். இத்தாலியிலிருந்து கப்பலில் வரவேண்டிய ஒரு வயர் கட்டும் கார்பன் ஃபைபர் மூடியும் சேர்ந்தாலே அந்தக் கோட்டை நெருங்கிவிடலாம். கோட்டைத் தாண்டிய கார் பழைய இரும்பாகப் போய்விடுமா? போகாது. கழிவு ஏலத்தில் ஒருவர் எடுப்பார், எங்கோ ஒரு பட்டறையில் உயிர் கொடுப்பார், வேறு ஊரில் வேறு கதையோடு விற்பார். ஐயம் பிறக்கும் இடம் இதுதான்.

ஐயத்துக்கு நீரும் ஒரு காரணம். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் எங்கே போயின என்பதை அன்று பலரும் கேட்டார்கள். நம் பக்கத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி என்று நான்கு மாவட்டங்களும் தத்தளித்தன. வெள்ளத்துக்கும் தீக்கும் என்ன உறவு? நெருங்கிய உறவு. சேற்று நீர் புகுந்த மின்இணைப்பு காய்ந்த பிறகு பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், உள்ளே பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த இணைப்பில் மின்தடை ஓமில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே கூடினாலும், 40 ஆம்பியர் ஓடும் கம்பியில் அந்த ஒரே புள்ளியில் 80 வாட் வெப்பம் பிறக்கிறது. ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சாலிடரிங் இரும்பு 25 வாட்தான். அப்படி மூன்றை ஒரு பிளாஸ்டிக் செருகிக்குள் நாள் முழுக்கச் செருகி வைத்தது போல. இதைப் பியூஸ் காப்பாற்றாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவே இல்லை. 40 ஆம்பியர் அங்கே ஓட வேண்டிய அளவுதான். எலி கடித்த வயரைக் கறுப்பு டேப் சுற்றி மறைப்பது, அடிக்கடி போகும் பியூஸுக்குப் பதில் செப்புக் கம்பியை முறுக்கி வைப்பது, அதிக வாட் முகப்பு விளக்கைப் பழைய சுற்றிலேயே மாட்டுவது — இவையெல்லாம் ஐந்து கோடி ரூபாய்க் காருக்கும் மூன்று லட்ச ரூபாய்க் காருக்கும் பொது. மின்சாரத்துக்கு விலைப்பட்டியல் தெரியாது.

கடைசியாக ஒரு மறுப்பை ஒப்புக்கொண்டாக வேண்டும். காரணம் தெரிந்தால் விலை நிற்கும் என்றால், எல்லா நிறுவனங்களும் காரணத்தை உடனே சொல்லிவிடாவா? சொல்வதில்லை. பசை என்றோ திருகாணி என்றோ ஒப்புக்கொள்ள ஒரு செலவு இருக்கிறது. 785 எஞ்சின்களின் செலவு கண்ணுக்குத் தெரியும், ஐயத்தால் குறையும் விலை கண்ணுக்குத் தெரியாது, அதுவும் அந்தச் சுமை நிறுவனத்தின் தலையில் விழாமல், பழைய காரை விற்கும் ஆயிரம் பேரின் தலையில் பிரிந்து விழுகிறது. எனவே அரசும் சட்டமும் கையைப் பிடித்து எழுதவைக்கும் நாடுகளில் காரணம் சீக்கிரம் வெளிவருகிறது, மற்ற இடங்களில் வாடிக்கையாளர் ஏதோ தப்பு செய்தார் என்ற விளக்கத்தோடு கோப்பு மூடப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் நம் மத்திய அரசுக்கும் உண்டு. எரிந்த ஒவ்வொரு காரையும் பிரித்துப் பார்த்துக் காரணத்தை எழுதிப் பொதுவில் வைக்கும் பழக்கம் அந்த அதிகாரத்தோடு சேர்ந்தால்தான் அது பழைய கார் வாங்குபவரின் கைக்கு எட்டும்.

அதுவரை உங்கள் வேலையை நீங்களே செய்துகொள்ளுங்கள். தென்காசியிலோ கொச்சியிலோ பழைய கார் பார்க்கப் போகும்போது, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். செப்புக் கம்பி தெரிந்தால் அங்கேயே மூடிவிட்டுக் கிளம்பலாம். எரிபொருள் ரப்பர் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். சட்டக எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைத்த வேலை முடிந்ததா என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். 2023 டிசம்பரில் வண்டி எந்த ஊரில் நின்றது என்பதையும், காப்பீட்டில் எப்போதாவது மொத்த இழப்பு என்று எழுதப்பட்டதா என்பதையும் தாளோடு காட்டச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்’ என்று பதில் வந்தால், அதற்குரிய தொகையை விலையில் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.